மஸ்கரீன் முதல் முப்பந்தல் வரை

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் நெடுஞ்சாலையில், ஜூலை மாதம், காவல்கிணறு தாண்டியதும் பைக் ஓட்டுபவர்கள் தாமாகவே குனிந்துகொள்கிறார்கள். எதிர்க்காற்று அவ்வளவு பலம். சாலையோரத்து உடைமரங்கள் கிழக்கே சாய்ந்தபடியேதான் வளர்ந்திருக்கின்றன. பனையோலைகள் எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கி நிற்கின்றன. தலைக்கு மேல் மேகம் விரைகிறது. தரையில் மழை இல்லை. இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாலைகள், அத்தனையும் மேற்கே முகம் திருப்பியபடி. முப்பந்தலைக் கடந்து ஆரல்வாய்மொழி, தோவாளை என்று இன்னும் சில கிலோமீட்டர் போனால் நிலமே வேறாகிவிடும்: வயல், வாழை, தென்னை, ஈரக்காற்று.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று ஊரில் சொல்வது இந்தக் காற்றைத்தான். ஆனால் இது இங்கே பிறந்த காற்று அல்ல. ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன் இது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, மொரிஷியஸ் பக்கத்துக் கடலின் மேல் இருந்தது. அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரையை ஒட்டித் திரும்பி, அரபிக்கடலைக் கடந்து, மலையில் ஓர் இடைவெளியைக் கண்டு நுழைந்து வந்திருக்கிறது. அந்த நெடும்பயணத்தை இந்த அத்தியாயத்தில் தொடர்ந்து போவோம். எவ்வளவு காற்று வரும் என்பதை உலகளாவிய ஓட்டம் முடிவு செய்கிறது. அந்தக் காற்று மின்சாரம் ஆகுமா ஆகாதா என்பதைக் கடைசி ஐம்பது கிலோமீட்டர் நிலம் முடிவு செய்கிறது. காற்றாலை வைப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த இரண்டாவது முடிவைத்தான்.

சூரியனும் சுழற்சியும்

காற்று ஓடுவதற்கு முதல் காரணம் சூரியன் பூமியைச் சமமாகச் சூடாக்காததுதான். நிலநடுக்கோட்டுப் பகுதியில் வெயில் செங்குத்தாக விழுகிறது. அங்கே சூடான ஈரக்காற்று மேலெழுந்து, 15 கிலோமீட்டர் உயரம் வரை போய், வடக்கும் தெற்குமாகப் பிரிகிறது. ஈரத்தை மழையாகக் கொட்டிவிட்டு உலர்ந்துபோன அந்தக் காற்று, 30 டிகிரி அட்சரேகையை ஒட்டி மீண்டும் தரைக்கு இறங்குகிறது. சஹாரா, கலஹாரி, ஆஸ்திரேலியப் பாலை எல்லாம் ஏறத்தாழ அந்த வரிசையில் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். இறங்கிய காற்றின் ஒரு பகுதி தரையை ஒட்டி நிலநடுக்கோட்டுக்கே திரும்புகிறது. கப்பல்காரர்கள் நம்பிப் பாய் விரித்த வாணிபக் காற்று அதுதான்.

வால்நட்சத்திரத்தால் பெயர் பெற்ற எட்மண்ட் ஹாலி, 1686இல் வாணிபக் காற்றையும் பருவக்காற்றையும் வரைபடத்தில் குறித்து வெளியிட்டார். சூட்டினால் காற்று மேலெழுகிறது என்று அவர் சரியாகவே சொன்னார். ஆனால் அது நேராக வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ வராமல் ஏன் கிழக்கிலிருந்து சாய்ந்து வருகிறது என்பதற்கு அவர் தந்த விளக்கம் நிற்கவில்லை. 1735இல் ஜார்ஜ் ஹாட்லி என்ற வழக்கறிஞர், பூமியின் சுழற்சியைக் கணக்கில் சேர்த்தார். நிலநடுக்கோட்டில் தரை கிழக்கு நோக்கி மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 30 டிகிரியில் அது ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர்தான். மெதுவாக ஓடும் தரையிலிருந்து வேகமாக ஓடும் தரைக்கு வரும் காற்று பின்தங்குகிறது, அதாவது மேற்கே ஒதுங்குகிறது. வேகமான தரையிலிருந்து விலகிப் போகும் காற்றோ முந்திக்கொண்டு கிழக்கே திரும்புகிறது. இந்த விலகலுக்குக் கணித வடிவம் தந்த கோரியாலிஸின் பெயர் பின்னாளில் இதற்கு நிலைத்தது. வட அரைக்கோளத்தில் காற்று வலப்பக்கம் விலகும், தென் அரைக்கோளத்தில் இடப்பக்கம்.

30 டிகிரிக்கு அப்பால் 60 டிகிரி வரை மேலைக்காற்று வீசுகிறது. டென்மார்க்கும் ஸ்காட்லாந்தும் படகோனியாவும் காற்று மின்சாரத்துக்குப் பெயர் பெற்றது அந்த மேலைக்காற்றின் தயவில். நம் காற்று வேறு குலத்தைச் சேர்ந்தது.

நிலநடுக்கோட்டைத் தாண்டும் காற்று

தென் அரைக்கோளத்தில் குளிர்காலமாகிய ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், மொரிஷியஸும் ரீயூனியனும் இருக்கும் மஸ்கரீன் தீவுகளுக்குத் தெற்கே, 30 டிகிரியை ஒட்டிய கடற்பரப்பில் காற்றழுத்தம் உயர்ந்து நிற்கிறது. அதே நேரத்தில் ராஜஸ்தானும் பாகிஸ்தானும் கொதிக்கின்றன. அங்கே அழுத்தம் தாழ்ந்துவிடுகிறது. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் காற்றுகள் சந்திக்கும் பட்டை, மற்றப் பெருங்கடல்களில் நிலநடுக்கோட்டுக்கு அருகிலேயே நிற்க, இந்தியாவில் மட்டும் கங்கைச் சமவெளி வரை ஏறி வந்துவிடுகிறது. தென்கிழக்கு வாணிபக் காற்று அதைத் தேடி நிலநடுக்கோட்டைத் தாண்டுகிறது. தாண்டியதும் விலகல் இடமிருந்து வலத்துக்கு மாறுகிறது. தென்கிழக்கிலிருந்து வந்த காற்று தென்மேற்கிலிருந்து வரும் காற்றாகிறது. தென்மேற்குப் பருவக்காற்று என்பது இதுதான்.

இந்தத் திருப்பம் நடுக்கடலில் பரவலாக நடந்திருந்தால் காற்று இவ்வளவு வலுப்பெற்றிருக்காது. கென்யாவின், எத்தியோப்பியாவின் மேட்டுநிலங்கள் மேற்கே சுவராக நிற்கின்றன. சுவரில் மோதும் காற்று அதை ஒட்டியே வடக்கே ஓடி, சோமாலியாவுக்கு அப்பால் அரபிக்கடலில் பாய்கிறது. தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இந்த ஓட்டம் மிகக் கூர்மையாகிறது. சராசரி வேகமே நொடிக்கு 15 மீட்டரை ஒட்டி இருக்கும்; சில நாட்களில் 25 மீட்டரையும் தாண்டும். ஃபின்ட்லேட்டர் என்ற வானிலை அறிஞர் 1969இல் இதை விரிவாக வரைந்து காட்டினார். அதனால் இதற்கு ஃபின்ட்லேட்டர் ஓட்டம் என்றும் சோமாலி ஓட்டம் என்றும் பெயர். அறிவியல் அப்போதுதான் வரைந்தது. முசிறிக்கு மிளகு வாங்க வந்த கப்பல்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதன் கீழ்விளிம்பில் ஏறி வந்துகொண்டிருந்தன.

இந்த ஓட்டம் மழைக்காலம் முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பருவமழை வலுவாக இருக்கும் வாரங்களில் அதன் நடுப்பகுதி தீபகற்பத்தின் குறுக்கே, கோவா, கர்நாடகம் ஒட்டிய அட்சரேகைகளில் போகிறது. மழை ஓயும் வாரங்களில் அது தெற்கே சரிந்து, இந்தியாவை ஒதுக்கிவிட்டு இலங்கைப் பக்கமாகக் கடந்துபோகிறது. ஆகவே ‘காற்று சீசன்’ என்று நாம் சொல்லும் மாதங்களுக்குள்ளேயே ஏற்றமும் இறக்கமும் உண்டு. நாளைக்கு எத்தனை மெகாவாட் வரும் என்று மின்தொடர்பு மையத்தில் உட்கார்ந்து கணிப்பவர், உண்மையில் அரபிக்கடலின் மேல் ஓடும் இந்த ஆற்றின் போக்கைத்தான் கணிக்கிறார்.

மலையும் கணவாயும்

இனி மேற்குத் தொடர்ச்சி மலை. 1,600 கிலோமீட்டர் நீளம். ஆனைமுடி 2,695 மீட்டர், அகத்தியமலை 1,868 மீட்டர். கடலிலிருந்து வரும் கீழடுக்குக் காற்று குளிர்ந்தது, கனமானது. எளிதில் மலையேறாது. ஏறிய பகுதி கேரளத்தில் மழையைக் கொட்டுகிறது. ஏற முடியாத பகுதி மலையின் மேற்கே தேங்குகிறது. அங்கே அழுத்தம் கூடுகிறது. மலைக்குக் கிழக்கே நிலைமை நேர் எதிர். ஜூனில் திருவனந்தபுரத்தில் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி இருக்கும்போது பாளையங்கோட்டையில் 35ஐத் தாண்டிவிடும். சூடான அந்தச் சமவெளியில் அழுத்தம் குறைவு.

கணவாயில் காற்று வேகமெடுப்பதற்குக் குறுகலான வழி மட்டுமே காரணம் என்று பல பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. அது பாதி உண்மைதான். குறுகல் மட்டுமே காரணமானால், மிகக் குறுகிய இடத்தில்தான் காற்று மிக வேகமாக இருக்க வேண்டும். ஆனால் நடப்பது வேறு. மலை ஏரிக்கரையாகவும் கணவாய் மதகாகவும் வேலை செய்கின்றன. மேற்கே தேங்கிய காற்று, அழுத்தம் குறைந்த கிழக்கே இறங்கும்போது, கணவாயின் வாயைத் தாண்டிய பிறகும் வேகம் கூடிக்கொண்டே போகிறது. பாலக்காட்டுக் கணவாயைப் பாருங்கள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30, 40 கிலோமீட்டர் அகலம் உள்ள அந்த இடைவெளியின் நல்ல காற்றாலை நிலங்கள் வாளையாற்றில் இல்லை. அதற்கு வெகு கிழக்கே பல்லடம், உடுமலை, பூளவாடி, தாராபுரம் பக்கம் இருக்கின்றன.

தமிழ்நாட்டுக் காற்றாலைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட நான்கு வாசல்களின் எதிரே நிற்கின்றன: பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. கம்பம் கணவாயின் காற்று தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் இறங்குகிறது. செங்கோட்டை எனக்கு மிகவும் பிடித்தது. ஆரியங்காவு வழியாக நுழையும் காற்று, குற்றாலத்தில் சாரலாகத் தூவி, தென்காசியைத் தாண்டிச் சுரண்டைப் பக்கம் போவதற்குள் ஈரத்தை இழந்து வெறும் காற்றாகிவிடுகிறது. குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருக்கும் நாட்களில்தான் சுரண்டைக் காற்றாலைகளும் முழுமூச்சில் சுற்றுகின்றன.

மலையிலிருந்து இறங்கும் உலர்காற்று ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி சூடாகிறது. அதனால் மேகம் கரைந்து, சமவெளி மேலும் காய்கிறது. காவல்கிணற்றின் வறட்சியும் வள்ளியூர்ப் பக்கத்துத் தேரிப் புழுதியும் காற்றின் வலுவும் ஒரே காரணத்தின் பலன்கள். அக்டோபருக்குப் பிறகு எல்லாம் தலைகீழாகிவிடும். வடகிழக்குக் காற்று நமக்கு மழை தருகிறது. ஆனால் அதன் வேகம் குறைவு. பாலக்காட்டுக் கணவாயில் மட்டும் டிசம்பர், ஜனவரியில் வறண்ட கீழைக்காற்று இங்கிருந்து கேரளத்துக்குள் பலமாக வீசும். வாசல் அதேதான், வருகை மட்டும் மறுதிசையில்.

உலகின் மற்ற இடங்களிலும் இதே கதைதான். கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாயில் பசிபிக்கின் குளிர்காற்று கொதிக்கும் உள்பள்ளத்தாக்கை நோக்கி ஓடுகிறது. 1980களின் தொடக்கத்தில் பெரிய காற்றாலைப் பண்ணைகள் எழுந்த முதல் இடங்களில் அது ஒன்று. மெக்சிகோவின் தெவாண்டபெக் நிலச்சந்தியில், குளிர்காலத்தில் வளைகுடாவின் காற்று மலைநடுவே புகுந்து பசிபிக் பக்கம் பாய்கிறது. கென்யாவில், இரு மேட்டுநிலங்களுக்கு நடுவே துர்கானா ஏரிக்கரையில் 365 காற்றாலைகள், மொத்தம் 310 மெகாவாட். அங்கே வீசுவதும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் திரும்பும் நம் மஸ்கரீன் காற்றின் ஒரு கிளைதான். முப்பந்தலுக்கு ஒரு வகையில் பங்காளி.

வேகத்தின் மும்மடி

கணவாய்க்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஓடும் காற்றில் உள்ள திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும் காற்றில் ஏறத்தாழ 75 வாட் இருக்கிறது. வேகம் 10 மீட்டரானால் 150 அல்ல, 600 வாட். 6 மீட்டர் 7 மீட்டராகும் அந்தச் சிறிய மாற்றமே திறனை ஏறத்தாழ 60 சதவீதம் கூட்டிவிடும். முகத்தில் வந்து மோதும்போது இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதே கடினம். ஆலை முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் அது லாபத்துக்கும் நட்டத்துக்கும் உள்ள தூரம். அந்தத் திறன் முழுவதையும் எந்த இயந்திரமும் எடுத்துவிட முடியாது. 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்கவே முடியாது என்று ஜெர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் நிறுவினார். முழுவதையும் எடுத்தால் காற்று அங்கேயே நின்றுவிடும். பின்னால் வரும் காற்றுக்குப் போக வழி இருக்காது.

ஒரு காற்றாலையின் உச்சியில் உள்ள பெட்டியின் மேல், பின்பக்கமாக, இரண்டு சிறிய கருவிகள் இருக்கும்: ஒன்று வேகமானி, மற்றொன்று திசைகாட்டி. திசை மாறினால் மோட்டார்கள் பெட்டி முழுவதையும் மெல்லத் திருப்பும். நொடிக்கு 3 மீட்டரை ஒட்டிய வேகத்தில் உற்பத்தி தொடங்கும். 12 மீட்டரை ஒட்டி முழுத் திறனை எட்டும். அதற்கு மேல் காற்று கூடினாலும் இறக்கைகள் தம் கோணத்தை மாற்றி மிச்சக் காற்றை நழுவ விடும். 25 மீட்டரில் பெரும்பாலான இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள நிறுத்திக்கொள்ளும். இறக்கைகளைத் தாண்டிப் போகும் காற்று வேகம் குறைந்து, சுழித்துக் கலங்கிப் போகிறது. நேர் பின்னால் நிற்கும் இயந்திரத்துக்குக் கிடைப்பது இந்தக் கலங்கிய காற்றுதான். அதனால்தான் இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல ஒரு திசையில் 5 மடங்கும் மறுதிசையில் 7 மடங்கும் இடைவெளி விட வேண்டும் என்ற விதி நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது.

உயரமும் முக்கியம். மரம், வீடு, கரடு எல்லாம் தரையை ஒட்டிய காற்றை உரசித் தடுக்கின்றன. வழக்கமான கணக்கின்படி, 30 மீட்டர் உயரத்தில் உள்ள காற்றைவிட 120 மீட்டரில் வேகம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடும். மும்மடி விதிப்படி திறன் 80 சதவீதம் கூடும். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம், இந்தியாவின் காற்று வளத்தை 100 மீட்டர் உயரத்தில் 302 ஜிகாவாட் என்றும் 150 மீட்டரில் 1,164 ஜிகாவாட் என்றும் மதிப்பிட்டது. இடையில் மாறியவற்றில் முக்கியமானது கோபுரத்தின் உயரம்.

அளந்தவர்

இந்த அறிவெல்லாம் யாரோ அளந்ததால் வந்தது. பீர்மேட்டில் 1918இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, சி.வி. ராமனிடம் ஆய்வு செய்த அன்னா மணி, இந்திய வானிலைத் துறையில் கருவிகள் செய்வதிலும் அளவுகளைச் சீர்ப்படுத்துவதிலும் பல ஆண்டுகளைச் செலவிட்டார். 1976இல் ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. நாடெங்கும் காற்றின் வேகத்தை அளக்கும் பணியை முன்னெடுத்தார். 1983இல் வானிலை அறிஞர் மூலேயுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட காற்றாற்றல் தரவு நூல் இந்தத் துறைக்கு அடிப்படையானது. தவறான கருவியால் எடுத்த அளவு, அளவே இல்லாததைவிட மோசம் என்பதை மும்மடி விதி தெரிந்தவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்கள்: வேகத்தில் 10 சதவீதப் பிழை, திறனில் 30 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிழையாகிவிடும். மணியின் பெயர் நம் பள்ளிப் புத்தகங்களில் இன்னும் பெரிய இடம் பெற வேண்டும்.

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் எழுந்தது, கணவாயில் அல்ல, தூத்துக்குடிக்கு அருகே கடலோரத்தில், முள்ளக்காட்டில். அடுத்த சில ஆண்டுகளில் டென்மார்க் உதவியுடன் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் வந்தன. பிறகு வரிச்சலுகையைப் பயன்படுத்திக் கோவை, திருப்பூர் நூற்பாலைகள் தமக்கென்று வாங்கி நிறுத்தின. காற்று சீசனில் உற்பத்தியாகும் யூனிட்டை மின்வாரியத்தில் கணக்கு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் ‘பாங்கிங்’ முறை, பருவக்காற்றின் இயல்பு ஒரு மாநிலத்தின் விதிகளையே எப்படி வடிவமைக்கிறது என்பதற்கு நல்ல சான்று. இன்று மாநிலத்தின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல். 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட் கிடைத்தது. அதே இயந்திரங்கள் பிப்ரவரியில் பெரும்பாலும் சும்மா நிற்கும்.

சமவெளியைக் கடந்த காற்று மன்னார் வளைகுடாவில் இறங்குகிறது. யாழ்ப்பாணத்தார் சோழகம் என்று சொல்லும் அந்தக் காற்றில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் 2020 டிசம்பரிலிருந்து சுற்றுகின்றன, மொத்தம் 103.5 மெகாவாட். வலசைப் பறவைகளின் பாதையும் அதே தீவின் மேலே போகிறது. புதிய காற்றாலைகளை அங்கே எதிர்ப்பவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இந்தியப் பக்கத்திலும் கடலுக்குள் காற்றாலை வைக்க, தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட்டுக்கான உதவித் திட்டத்தை மத்திய அரசு 2024இல் ஏற்றது. கடலின் மேல் உரசல் குறைவு, காற்று சீராக இருக்கும். செலவு மிக அதிகம்; மீனவர்களின் தொழிலும் அந்த நீரில்தான் இருக்கிறது.

அதற்கு முன் கையிலிருக்கும் கணவாய்களைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மிக நல்ல காற்று வரும் இடங்களில் முதலில் வந்தவர்கள் நிறுத்திய 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் இன்றும் நிற்கின்றன. 30 மீட்டர் விட்டமுள்ள இறக்கை வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 700 சதுர மீட்டர். இன்றைய 140 மீட்டர் விட்டத்துக்கு 15,000க்கும் மேல். புதிய இயந்திரத்துக்கு இடைவெளியும் அதே விகிதத்தில் கூடுதலாக வேண்டும் என்பதால், ஓர் ஏக்கருக்குக் கிடைக்கும் இறக்கைப் பரப்பு மாறாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆதாயம் உயரத்திலிருந்து வருகிறது, மெதுவான காற்றையும் பயன்படுத்தும் திறமையான இயந்திரத்திலிருந்து வருகிறது. ஆனால் பழையதை மாற்றுவது எளிதல்ல. இருபது பழைய காற்றாலைகளுக்கு இருபது உரிமையாளர்கள் இருக்கலாம். நிலம் துண்டு துண்டாக இருக்கும். பழைய பாங்கிங் உரிமையை இழக்க யாரும் விரும்பமாட்டார்கள். 2024இல் தமிழ்நாடு அரசு பழைய இயந்திரங்களை மாற்றுவதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. பழைய உரிமையாளர்கள் கூட்டாகச் சேர்ந்து பங்கு பிரித்துக்கொள்ள வழி கிடைத்தால்தான் அது நிலத்தில் இறங்கும்.

மஸ்கரீன் காற்று ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும். மலையில் உள்ள வாசல்கள் நான்குதான். புதிய மேய்ச்சல் நிலத்தையும் கடற்கரையையும் கேட்பதற்கு முன், அந்த நான்கு வாசல்களின் எதிரே நிற்கும் பழைய இயந்திரங்களை மாற்றும் வேலையை மின்வாரியமும் ஆலைகளும் முதலில் முடிக்க வேண்டும்.